"யுவர் நேம் பார்த்துட்டேன் அக்கா, அடுத்து என்ன?"

சித்தி மகன் போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, யுவர் நேம் பார்த்துட்டேன். தூக்கமே வரல. இதே மாதிரி வேற ஏதாச்சும் இருக்கா?" காலையில் எழுந்துதான் பார்த்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பதில் போடுவதற்காக உட்கார்ந்தேன். நாலு பெயர் தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன்.

'இதே மாதிரி' என்றால் எது மாதிரி? காதலும் காலப் பயணமும் கலந்தவை என்று தேடினால் இணையத்தில் ஆயிரம் பட்டியல் கிடைக்கும். அதில் பாதியைப் பார்த்தால் அவனுக்கு அந்த ராத்திரி வந்த தவிப்பு வராது. இன்னும் சிலவற்றில் காலப் பயணமே கிடையாது, ஆனால் அதே இடத்தில் குத்தும். அது ஏன் என்று எனக்குப் பல வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். 'யுவர் நேம்' படத்தைப் பற்றி மட்டும் முழுக்கப் பேசுவேன். மற்றவற்றில் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் நின்றுவிடப் பார்க்கிறேன். அங்கங்கே கொஞ்சம் கசியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'யுவர் நேம்'. அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம். ஜப்பானியத்தில் 'கிமி நோ நா வா', 2016ல் வந்தது, இயக்கியவர் மகோடோ ஷின்காய். இதோமோரி என்ற கற்பனையான மலையூரில் இருக்கும் மிட்சுஹாவும் டோக்கியோவில் இருக்கும் தாகியும் தூங்கி எழும்போது உடல் மாறிவிடுகிறார்கள். பாதிப் படம்வரை சிரிப்பும் கலாட்டாவுமாகப் போகும். அப்புறம்தான் தெரிகிறது, இருவருக்கும் நடுவில் இருப்பது தூரம் மட்டும் இல்லை, 3 வருடம். அந்த ஊர் இப்போது இல்லை. 1200 வருடத்துக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரம் உடைந்து விழுந்து அழித்துவிட்டது.

எல்லாரும் பேசுவது மலை உச்சியில் அந்தி வேளையில் இருவரும் சந்திக்கும் காட்சியைத்தான். எனக்கு அதைவிடப் பெரிய காட்சி ஒன்று அந்தப் படத்தில் உண்டு. வால்நட்சத்திரம் விழுவதற்கு முந்தைய நாள். மிட்சுஹா யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி டோக்கியோவுக்கு வருகிறாள். நாளெல்லாம் தேடிவிட்டு, சோர்ந்துபோய் நிற்கையில், எதிரே வரும் ரயிலில் அவனைப் பார்க்கிறாள். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்கிறாள். அவன் வார்த்தை மனப்பாடம் செய்யும் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "நினைவில்லையா?" என்கிறாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு "யார் நீ?" என்கிறான்.

அவன்மேல் தப்பு இல்லை. அவனுக்கு வயது 14. அவன் அவளை அறியப்போவது இன்னும் 3 வருடம் கழித்து. அவளுக்கோ அவனுடைய வீடு, நண்பர்கள், வேலை பார்க்கும் உணவகம் எல்லாம் அத்துப்படி. முகம் சிவந்து, அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்குகிறாள். அவனுக்கு என்னவோ தோன்றி "உன் பேர் என்ன?" என்று கத்துகிறான். தலையில் கட்டியிருந்த பின்னல் கயிற்றை அவிழ்த்து அவனை நோக்கி நீட்டிப் பெயரைச் சொல்கிறாள். கயிறு அவன் கையில், அவள் நடைமேடையில். ஊருக்குத் திரும்பி முடியை வெட்டிக்கொள்கிறாள். மறுநாள் வால்நட்சத்திரம்.

அந்தக் கயிற்றை 3 வருடம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறான். யார் கொடுத்தது என்று நினைவில்லாமலே.

தம்பிக்குத் தூக்கம் வராமல் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். காலம் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஒருவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, எதிரே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்திரம், வால்நட்சத்திரம், கடிதம் எல்லாம் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விடுவதற்கான வழிகள்தாம். அதனால் இந்த வகையில் யார் எதைப் பரிந்துரைத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் நினைவு யாரிடம் இருக்கிறது?

நடுவில் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம். நாம் விதியைத் தலையெழுத்து என்கிறோம். எழுதியது எழுதியதுதான், அழிக்க முடியாது. ஜப்பானியர்களிடம் விதி நூலாக இருக்கிறது. சேர வேண்டியவர்களின் சுண்டுவிரல்களை ஒரு சிவப்பு நூல் இணைத்திருக்கிறது என்பார்கள். சீனத்திலிருந்து போன நம்பிக்கை அது. அங்கே நிலாக் கிழவர் கணுக்காலில் கட்டுவார், ஜப்பானுக்கு வந்தபோது விரலுக்கு ஏறிவிட்டது. மிட்சுஹாவின் வீட்டில் நூல் பின்னுவது குலத்தொழில் போல. அவள் பாட்டி 'முசுபி' என்ற சொல்லை விளக்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். நூல்கள் கூடி உருவம் எடுக்கும், முறுகும், சிக்கும், சில நேரம் பின்னோக்கிப் போகும், அறும், மறுபடி சேரும், காலமும் அதுதான் என்பாள். எழுத்து என்று நினைத்தால் விதியோடு மோதத்தான் முடியும். நூல் என்று நினைத்தால் பிடித்து இழுக்கலாம், அறுந்த இடத்தில் முடிச்சுப் போடலாம். இந்தக் கதைகளில் வருபவர்கள் எல்லாரும் கையில் நூலை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

ஷின்காய் இந்தப் படத்தை யோசித்ததற்குப் பின்னால் 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார். நேற்றுவரை இருந்த ஊர் இன்று இல்லை. போனவர்களிடம் முந்தின நாளே போய் "ஓடிவிடு" என்று சொல்லியிருக்க முடிந்தால்? அந்த ஆசையை மனதில் வைத்துப் பார்த்தால் படத்தின் பின்பாதி வேறு மாதிரித் தெரியும்.

சரி, அடுத்து என்ன என்று கேட்டாய் அல்லவா. என் பதில் 'ஸ்டைன்ஸ்;கேட்'. 2009ல் வீடியோ கேமாக வந்தது, 2011ல் ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோ 24 எபிசோடில் அனிமேவாக எடுத்தது. இதைப் பற்றிப் பேசுவதென்றால் நான் முதலில் ஒரு ஹாஸ்டல் அறையைப் பற்றிப் பேச வேண்டும்.

2012. கோவையில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சீனியர் அக்கா ஹார்ட் டிஸ்க்கில் அனிமே எல்லாம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் வார்டன் கதவைத் தட்டுவார். அதனால் போர்வைக்குள் லேப்டாப், ஒரே இயர்ஃபோன், இடது காது எனக்கு, வலது காது என் ரூம்மேட்டுக்கு. வெளிச்சம் தெரியாமலிருக்க திரையின் ஒளியைக் கடைசிவரை குறைத்து வைத்திருப்போம். சப்டைட்டில் மங்கலாகத்தான் தெரியும். நான் வேகமாகப் படிப்பேன், அவள் கொஞ்சம் நிதானம். அவள் படித்து முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திப் போடுவேன். ஒரு எபிசோட் முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

கதை டோக்கியோவின் அகிஹபாராவில், 2010 ஜூலை 28ஆம் தேதி தொடங்குகிறது. பழைய டிவி கடைக்கு மேல்மாடியில் ஒகாபே ரின்டாரோ என்ற கல்லூரி மாணவன் 'ஆய்வுக்கூடம்' நடத்துகிறான். தன்னை ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டு, யாரோ ரகசிய அமைப்பு துரத்துவதாகத் தொலைபேசியில் தனக்குத் தானே பேசிக்கொள்கிறவன். ரேடியோ கைகான் கட்டடத்தில் மகிசே குரிசு என்ற பெண் ரத்தத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பதறி நண்பனுக்கு ஒரு செய்தி அனுப்புகிறான். அடுத்த நொடி தெருவே காலி. கொஞ்ச நேரத்தில் அதே பெண் உயிரோடு எதிரே வந்து நிற்கிறாள். அவன் அனுப்பிய செய்தி ஒரு வாரம் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் குடைந்துகொண்டிருந்த மைக்ரோவேவ் அடுப்புதான் காரணம். கடந்த காலத்துக்குச் செய்தி அனுப்பலாம், ஆனால் 36 பைட்டுக்கு மேல் போகாது. ஒரு வரி தேறாது. அந்த ஒரு வரியில் உலகம் மாறிவிடும். மாறியது ஒகாபேக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பதினொரு எபிசோடும் மெதுவாகத்தான் போகும். நிறையப் பேர் ஐந்தாவதிலேயே விட்டுவிடுகிறார்கள். விடாதே. அந்த வெயில், டிவி கடைக்காரரின் சத்தம், ஒகாபே குடிக்கும் டாக்டர் பெப்பர், தோழி மயூரி தைக்கும் வேஷ உடுப்புகள், ஒன்றும் நடக்காத மத்தியானங்கள் எல்லாம் காரணத்தோடுதான் இருக்கின்றன. பன்னிரண்டாவது எபிசோடுக்குப் பிறகு ஒகாபே திரும்பத் திரும்ப ஏங்கப்போவது அந்த மத்தியானங்களுக்காகத்தான். நாமும் அங்கே இருந்து பார்த்திருந்தால்தான் அந்த ஏக்கம் நம்முடையதாகும்.

அதற்குமேல் கதை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம். ஒகாபே தன் நினைவை மட்டும் இரண்டு நாள் பின்னால் அனுப்பி, குரிசுவிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொல்ல வேண்டிய கட்டம் வருகிறது. அவள் நம்ப வேண்டுமே. முன்யோசனையோடு குரிசுவே ஒரு அடையாளம் சொல்லி அனுப்புகிறாள்: எனக்கு இப்போது ரொம்ப வேண்டும் என்று தோன்றுவது சொந்தமாக ஒரு முள்கரண்டி, சொந்தக் கரண்டி ஏற்கெனவே இருக்கிறது, இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, நீ வந்து சொன்னால் நம்புவேன். அவன் போய்ச் சொல்கிறான். அவள் முகம் மாறுகிறது. நம்புகிறாள்.

எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. அவளுக்கு அவன் இப்போதுதான் அறிமுகமான ஆள் மாதிரி. அவனுக்கோ அவள் பலமுறை கைகொடுத்தவள், தைரியம் சொன்னவள். ஒவ்வொரு முறை பின்னால் போகும்போதும் அவளுடைய நட்பு துடைத்துப்போகிறது, அவனுடையது கூடிக்கொண்டே போகிறது. ஒருவரை ஒருவர் எவ்வளவு தெரியும் என்ற கணக்கு நேராகவே ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து நம்பத் தயாராக இருக்கிறாள். காதல் என்ற சொல் வருவதற்கு வெகு முன்னாலேயே அதில் காதல் வந்துவிட்டது.

இருபத்திரண்டாவது எபிசோட் முடிந்தபோது என் ரூம்மேட் போர்வைக்குள் விசும்பிக்கொண்டிருந்தாள். "இவ்ளோ நடந்திருக்கு, அவளுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடுமா டீ?" என்று கேட்டாள். மறுநாள் எங்களுக்கு இன்டர்னல் தேர்வு. அவள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுக்க ஓடுகிறது.

மனசு கொஞ்சம் லேசாக வேண்டுமென்றால், 'ஸ்டைன்ஸ்;கேட்' பக்கம் போவதற்கு முன் 'தி கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்' பார். 2006ல் மமோரு ஹொசோடா இயக்கியது. யசுடகா சுட்சுயி எழுதி 1967ல் புத்தகமாக வந்த நாவலின் தொடர்ச்சி மாதிரி. நாவலின் நாயகி இதில் அத்தையாக வந்து போகிறாள். மகோடோ என்ற பள்ளி மாணவிக்குக் காலத்தில் பின்னால் குதிக்கும் சக்தி கிடைக்கிறது. அவள் அதை வைத்துச் செய்வது என்ன தெரியுமா? தங்கை தின்றுவிட்ட புட்டிங்கைத் தானே தின்கிறாள். கரோக்கியில் நேரம் முடிய முடியப் பின்னால் போய்த் தொண்டை கட்டும்வரை பாடுகிறாள். பதினேழு வயதில் கையில் காலம் கிடைத்தால் நாமும் அப்படித்தான் செலவழித்திருப்போம்.

பிறகு ஒரு சாயங்காலம். நண்பன் சியாகியின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். சியாகி சட்டென்று "நாம ரெண்டு பேரும் பழகிப் பார்க்கலாமா?" என்கிறான். பயந்துபோய்ப் பின்னால் குதிக்கிறாள். மறுபடி அதே சைக்கிள், பேச்சை மாற்றுகிறாள், அவன் மறுபடி கேட்டுவிடுகிறான். மறுபடி குதிக்கிறாள். கடைசியில் வேறு வழியில் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான், அவன் அதைச் சொல்லவே இல்லை என்றாகிவிட்டது. இனி அந்தக் காதல் இருப்பது அவள் நினைவில் மட்டும். அவன் இன்னொருத்தியோடு சிரித்துப் பேசுவதைப் பார்க்கும்போது அவள் முகத்தைக் கவனி. யாரிடமும் சொல்லி அழ முடியாத அழுகை அது. படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆற்றங்கரையில் சொல்லப்படும் கடைசி வாக்கியத்தை நான் கெடுக்கப்போவதில்லை.

ஷின்காயின் பழைய வேலைகளுக்கு வருவோம். 2002ல் அவர் ஏறக்குறையத் தனியாளாகக் கணினியில் வரைந்து எடுத்த 25 நிமிடப் படம் 'வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்'. முதல் பதிப்பில் நாயகனுக்குக் குரலும் அவர்தான். மிககோவும் நொபொருவும் ஒரே பள்ளி. அவளை விண்வெளிப் படைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கப்பல் போகப்போக அவள் கைப்பேசியில் அனுப்பும் செய்தி அவனுக்கு வந்துசேர நாளாகிறது, மாதமாகிறது. கடைசியில் சிரியஸ் விண்மீன் பக்கம் போய்விடுகிறாள். அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர எட்டரை வருடத்துக்கு மேல். 24 வயதாகிவிட்ட நொபொருவுக்கு வணக்கம், நான் இன்னும் 15 வயது மிககோதான் என்று எழுதுகிறாள்.

நீ அனுப்பிய செய்தியில் இரண்டு டிக் விழுந்தும் நீலமாகவில்லையே என்று தவிக்கும் வயதில் இருக்கிறாய். அந்த 25 நிமிடம் உனக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். படங்கள் இன்றைக்குப் பழசாகத் தெரியும், முகங்கள் கொஞ்சம் கோணலாகக்கூட இருக்கும். பரவாயில்லை, பார்.

இதன் வேர் ஜப்பானில் ரொம்பப் பழையது. உராஷிமா டாரோ என்ற மீனவன் ஆமையைக் காப்பாற்றி, கடலடி அரண்மனைக்குப் போய், இளவரசியோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் ஊரில் முந்நூறு வருடம் போயிருக்கும். அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. திறக்காதே என்று அவள் கொடுத்த பெட்டியைத் திறக்கிறான், அந்த நொடியே கிழவனாகிறான். எட்டாம் நூற்றாண்டு நூல்களிலேயே இந்தக் கதை இருக்கிறது. 2022ல் வந்த 'தி டனல் டு சம்மர், தி எக்ஸிட் ஆஃப் குட்பைஸ்' படத்தில் வரும் சுரங்கப்பாதைக்கு உராஷிமா என்றே பெயர். உள்ளே சில நொடிகள் நின்றால் வெளியே மணிக்கணக்கில் ஓடிவிடும். வெளியே காத்திருப்பவள் வளர்கிறாள், உள்ளே போனவன் அப்படியே இருக்கிறான். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத அமைதியான படம். 'யுவர் நேம்' நிறத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

அடுத்தது '5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்', 2007. இதில் காலப் பயணம் இல்லை, சாமி இல்லை, வால்நட்சத்திரம் இல்லை. ரயில் மட்டும்தான். தகாகி, 13 வயதுப் பையன், இடம் மாறிப் போய்விட்ட அகாரியைப் பார்க்க டோக்கியோவிலிருந்து இவாஃபுனே என்ற சின்ன நிலையத்துக்குக் கிளம்புகிறான். ஏழு மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. பனி கொட்டுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ரயில் நிற்கிறது, மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வருகிறது, மறுபடி நிற்கிறது. அவளுக்குக் கொடுக்க எழுதிவைத்த கடிதம் நடைமேடைக் காற்றில் பறந்துபோகிறது. வெட்டவெளியில், இருட்டில், பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து, "தயவுசெய்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் அவள்" என்று மனதுக்குள் கெஞ்சுகிறான். அவள் காத்திருக்க வேண்டும் என்று வேண்டவில்லை, போயிருக்க வேண்டும் என்று வேண்டுகிறான். இரவு 11 மணி தாண்டி அவன் போய்ச்சேரும்போது காத்திருப்பு அறையில், அடுப்பருகே, தலை குனிந்து, மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

காலத்தின் கனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரியாது. நாலு மணி நேரத் தாமதம்தான். எந்த எந்திரமும் வேண்டியிருக்கவில்லை. மொத்தப் படமும் ஒரு மணி நேரம்தான். 'யுவர் நேம்' பார்த்த சூட்டோடு இதைப் பார்க்காதே, ஒரு மாதம் விட்டுப் பார். இரண்டின் கடைசிக் காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே மனிதர் ஒன்பது வருட இடைவெளியில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் எழுதியிருப்பது புரியும். முதல் பதிலை ஒத்துக்கொள்ள எனக்கு வருடங்கள் ஆயின.

'ஆரஞ்ச்' பற்றி யோசித்துத்தான் சொல்கிறேன். 2016, 13 எபிசோட், இச்சிகோ டகானோவின் மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) எடுத்தது, கதை நாகானோ மாகாணத்து மட்சுமோட்டோவில் நடக்கிறது. பதினாறு வயது நாஹோவுக்குப் பத்து வருடம் கழித்து இருக்கும் நாஹோ எழுதிய கடிதம் வருகிறது. இன்று ககேரு என்ற பையன் உன் வகுப்பில் புதிதாகச் சேருவான், இன்று மட்டும் அவனை எங்கேயும் கூப்பிடாதே என்கிறது. அவள் நம்பவில்லை, நண்பர்கள் கூப்பிடும்போது தடுக்கவும் இல்லை. அன்றைக்கு அவன் வீட்டில் நடப்பது கதையின் மொத்தப் பாரம். தற்கொலை பற்றிய கதை இது. உன் மனநிலை சரியில்லாத நாளில் தொடாதே. நடுவில் சில எபிசோட்களில் ஓவியமும் தளர்ந்துபோகிறது, அது உண்மை.

ஆனாலும் பார்க்கச் சொல்வது சுவா என்ற ஒருவனுக்காக. நாஹோவை நேசிக்கிறவன். எதிர்காலத்தில் அவளைக் கல்யாணம் செய்து, குழந்தையோடு இருப்பவன். அதை அறிந்துகொண்டே, ககேரு உயிரோடு இருக்க வேண்டும் என்று நாஹோவை அவன் பக்கம் தள்ளுகிறவன். கடிதம் எழுதியவர்களின் உலகில் எதுவும் மாறப்போவதில்லை. அங்கே ககேரு இல்லை, இல்லாமலேதான் இருப்பான். இன்னொரு உலகத்தில் அவன் இருந்தால் போதும் என்று எழுதுகிறார்கள்.

இன்னும் சில, வேகமாக. 'மடோகா மாஜிகா', 2011, 12 எபிசோட். ஓவியத்தைப் பார்த்தால் சின்னப் பெண்களுக்கான மந்திரக் கதை மாதிரி இருக்கும், ஏமாறாதே. பத்தாவது எபிசோடில் டைட்டில் பாட்டு முடிவில் வரும். அதுவரை யாருடையது என்று நினைத்துக் கேட்டாயோ, பாட்டு அவளுடையது இல்லை என்று அப்போது தெரியும். அதற்கு முன் எங்கேயும் எதையும் தேடிப் படிக்காதே. 'பிளாஸ்டிக் மெமரீஸ்' 2015ல் வந்தது. மனித உருவிலான எந்திரங்களுக்கு 81,920 மணி நேரம்தான் ஆயுள், அப்புறம் நினைவெல்லாம் போய்விடும். கதைக்கரு அபாரம், நடுப்பகுதி இழுவை. 'எரேஸ்டு' இந்த மாதிரிப் பட்டியல் எல்லாவற்றிலும் இருக்கும். நல்ல தொடர்தான், ஆனால் அது ஒரு சிறுமியைக் காப்பாற்றும் கதை, காதல் தேடிப் போகாதே. அம்மாவின் அன்பே இல்லாமல் வளர்ந்த கயோ என்ற அந்தச் சிறுமி, வேறொரு வீட்டில் முதல்முறையாகச் சுடச்சுடக் காலை உணவைப் பார்த்து அழும் இடம் ஒன்றுக்காகவே பார்க்கலாம்.

'தி டாட்டாமி கேலக்ஸி', 2010, மசாகி யுவாசா இயக்கியது. கியோட்டோவில் ஒரு மாணவன் ஒவ்வொரு எபிசோடிலும் வேறொரு மன்றத்தில் சேர்ந்து கல்லூரி வாழ்க்கையை முதலிலிருந்து வாழ்கிறான். இதில் யாருக்கும் முந்தையது நினைவில்லை, நமக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. ஒரு குறி சொல்லும் கிழவி மட்டும் ஒவ்வொரு முறையும் ஆயிரம் யென் கூட்டிக்கொண்டே போவாள். பேச்சு மிக வேகம், சப்டைட்டிலைத் துரத்த வேண்டியிருக்கும். அகாஷி என்ற பெண்ணுக்குத் திருப்பித் தர வேண்டிய குட்டிக் கரடிப் பொம்மை அவன் அறை விளக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும்.

கடைசியாக 'கிளானட்'. 2007ல் ஒரு பருவம், 2008ல் 'ஆஃப்டர் ஸ்டோரி', இரண்டும் கியோட்டோ அனிமேஷன். முதல் பருவத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. நாயகன் தொமொயா ஒரு துக்கத்தில் தன் மகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு ஐந்து வருடம் வேலையிலேயே கிடக்கிறான். ஐந்து வருடம், திரையில் சில நிமிடம்தான். பிறகு அந்தக் குழந்தையோடு முதல்முறையாக ரயில் பயணம். அழுகை வந்தால் கழிப்பறையில் போய் அழ வேண்டும், இல்லையென்றால் அப்பா நெஞ்சில் அழலாம் என்று பாட்டி சொல்லித் தந்ததாக அந்தக் குழந்தை சொல்லும். இதை வெளியில் எங்கேயும் உட்கார்ந்து பார்க்காதே, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது என் ரூம்மேட் நினைவு வந்து போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அழைத்தேன். இப்போது ஓசூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். பின்னால் குக்கர் விசில், சின்னவன் எதற்கோ அழுகிறான். "ஸ்டைன்ஸ்;கேட் ஞாபகம் இருக்கா டீ? போர்வைக்குள்ள பார்த்தோமே" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "என்னமோ படம் பார்த்தோம்னு ஞாபகம் இருக்கு டீ. கதை என்ன?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த விசும்பல், அந்தக் கேள்வி, மங்கலான சப்டைட்டில், ஒன்றும் அவளிடம் இல்லை. மௌனமாக இருந்தேன் போல. அவளே பேசினாள். "ஆனா அந்த வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அது நல்லா ஞாபகம் இருக்கு. மூணு நாள். மெஸ் அண்ணன்கிட்ட சண்டை போட்டுக் கஞ்சி வாங்கிட்டு வருவேன். நீ உப்பு பத்தலன்னு சொல்லுவே. ராத்திரி என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்குவே."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. காய்ச்சலும் இல்லை, கஞ்சியும் இல்லை, கையும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அவள் மட்டும் வைத்திருந்திருக்கிறாள்.

அப்புறம் அரை மணி நேரம் பேசினோம். அவளுக்கு ஒகாபேயைப் பற்றி, மைக்ரோவேவைப் பற்றி, முள்கரண்டியைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஒவ்வொரு எபிசோடாகப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். போனை வைக்கப் போகும்போது கேட்டாள், "ஏய், கடைசியில அந்தப் பொண்ணுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுமா?"

"பாரு," என்றேன்.